சைவப்பிள்ளை வீட்டுத் துப்பாக்கி

1

ஆமாம், நான் பன்றி சுடுகிறவன்தான். வேறு யாரோ காதோடு காதாகச் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே முதல் வரியில் எழுதிவிடுகிறேன். முள்ளம்பன்றியும் சுட்டிருக்கிறேன். என் வீட்டுக்குள் இன்றுவரை முட்டை நுழைந்ததில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய சேதி என்பதுதான் திருநெல்வேலியில் சிலருக்குச் செரிக்கவில்லை.

நான் மலையாள தேசத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே போனக்காட்டு மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். போன ஆவணியில் என் மகள் காந்திமதிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலி டவுனில் அரிசி மண்டி வைத்திருக்கிறவர்கள், நம்முடைய சைவப்பிள்ளைமார்தான். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நம்மவர்கள் எல்லோரும் படிக்கிற இந்த மாசப் பத்திரிகையில் நான் நாலு வரி அச்சில் போட வேண்டுமாம். ஜீவஹிம்சை செய்ததற்கு வருந்துகிறேன், துப்பாக்கியைச் சர்க்காரில் ஒப்படைத்துவிட்டேன், தாமிரபரணியில் முழுகிப் பரிகாரம் செய்துவிட்டேன் என்று. போட்டால் தை மாசம் கல்யாணம். போடாவிட்டால் அவரவர் வழி.

அந்த நாலு வரிக்காக ஆசிரியர் ஒதுக்கிவைத்த இடத்தில்தான் இதை எழுதுகிறேன். இடம் பற்றாது என்றேன். பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

2

முதலில் அந்தச் சனியன் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையில் தேயிலைக்கு மேலே புல்மேடு, அதற்கு மேலே சோலைக்காடு. சோலையிலிருந்து பன்றி இறங்கும். லயத்து ஜனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்து கொழுந்து பறிக்கிற நம் பக்கத்து ஆட்கள், குடியிருப்புக்குப் பின்னால் சரிவில் போட்டிருக்கிற கிழங்கு, சேம்பு எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டுப் போகும். முள்ளம்பன்றி இன்னும் மோசம். தின்பது ஒரு கிழங்கு, கடித்துப் போடுவது பத்து. தோட்டத்துத் துரை வேட்டைக்காரர்தான். ஆனால் அவர் கொம்பு வைத்த மானைச் சுவரில் மாட்டுவதற்காகச் சுடுவார். கூலிக்காரியின் கிழங்குக்காகக் குளிரில் போய் உட்கார மாட்டார். அதனால் ஒரு ஆளை நியமிக்க வேண்டியிருந்தது.

தோட்டத்தில் குடிக்காத ஆள் யார் என்று பார்த்தார். நான். சுட்ட கறியைத் திருட்டுத்தனமாக விதுராச் சந்தைக்கு அனுப்பாத ஆள் யார் என்று பார்த்தார். கறியே தின்னாத நான். "நீதான் சரியான ஆள்" என்று சொல்லி, தோட்டத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை என் பெயருக்கு எழுதிவைக்கச் சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனு டைப்பாகிவிட்டது. சுடக் கற்றுக்கொண்ட முதல் வாரம் நான் அடித்தது பேக்டரியின் தண்ணீர்த் தொட்டியை.

நெடுமங்காடு தாலூக்காக் கச்சேரியில் லைசன்ஸுக்குப் போய் நின்ற கதையை எழுதினால் அதற்கே ஒரு இதழ் வேண்டும். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் துப்பாக்கி மனு.

"பாண்டிப்பிள்ளே, நிங்ஙள் மாம்சம் கழிக்குமோ?"

"இல்லை. பழக்கமில்லை."

"பின்னே எந்தினா தோக்கு?"

இறைச்சி தின்னாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்கிறார். கிழங்குக்கு என்றேன். கச்சேரி முழுக்கச் சிரித்தது. இங்கே நான் பாண்டிக்காரன். ஊருக்கு வந்தால் மலையாளத்தான். மலையாளத்தான் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று அங்கே பேச்சு, பாண்டிக்காரனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று இங்கே பேச்சு. நல்ல பிழைப்பு.

3

லைசன்ஸ் வாங்கி வந்த அன்றைக்கு என் மனைவி செண்பகம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"உசுர எடுக்குத சாமானம் எதுவும் சாமி இருக்குத வீட்டுக்குள்ள வரக்கூடாது. வெளிய எங்கன வச்சாலும் சரி."

வெளியே என்றால் எங்கே? கூரையோடு பூட்டும் உள்ள இடம் மாட்டுத் தொழுவம் ஒன்றுதான். அங்கே பரணில் வைத்தோம். பன்றி சுட்டுவிட்டு வருகிற காலையில் துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிட்டு, ஓடையில் தலைமுழுகி, ஈர வேட்டியோடு புறவாசல் வழியாக நான் வீட்டுக்குள் போக வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பன்றிக்கும் முழுகுகிறேன். இந்தக் குளிரில் அந்த ஓடையில் ஒரு தடவை முழுகிப் பார்த்துவிட்டு அப்புறம் எனக்குப் பரிகாரம் சொல்ல வாருங்கள்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். மாடு கதறுகிற சத்தம் கேட்டு ஓடினால், தொழுவத்துக் கூரையைப் பிரித்துக்கொண்டு புலி உள்ளே இறங்கியிருக்கிறது. இங்கே சிறுத்தையைத்தான் புலி என்பார்கள், நிஜப் புலிக்குப் பெயர் கடுவா. எதுவானால் என்ன, புலி உள்ளே, துப்பாக்கியும் உள்ளே, நான் வெளியே. கையில் உலக்கை. செண்பகம் பூஜைத் தாம்பாளத்தை எடுத்து வந்து கரண்டியால் அடி அடி என்று அடித்தாள். காந்திமதி அப்போது சின்னப்பிள்ளை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். புலி எங்களை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. கன்றைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போயிற்று.

மறுநாள் காலையில் செண்பகம் குளித்து, திருநீறு பூசி, தொழுவத்துக்குப் போய்ப் பரணிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். கூடத்துச் சுவரில் அவளே ஆணி அடித்து மாட்டினாள். "சாமிக்குத் தெரியும்" என்றாள்.

ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் நம் ஊர் வயலில் மட்டும் என்ன நடக்கிறது? எங்களுக்கும் குளத்தடியில் வயல் இருந்தது. கதிர் முற்றுகிற நாளில் எலி பிடிக்க ஆள் வருவான். வரப்பெல்லாம் கிட்டி வைப்பான். காலையில் செத்த எலிகளைக் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்து காட்டுவான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெல் அளந்து போடச் சொல்லுவார். பாவம் அவனுக்கு, நெல் நமக்கு. சின்ன வயசில் இது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இங்கே வந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேறு பக்கம் இல்லை.

4

யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற என் மைத்துனர் கடையிலேயே அரிசி மூட்டைக்குப் பதில் காலிச் சாக்குதான் அடுக்கியிருந்தது. தோட்டத்தில் போடுகிற அரிசியைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். ஜனங்கள் மரச்சீனிக் கிழங்கை, அதுதான் மரவள்ளியை, நட்டார்கள். அந்தச் சரிவு முழுக்க மரச்சீனி. வேகவைத்து, கொஞ்சம் காந்தாரி மிளகாய் நசுக்கித் தொட்டுக்கொண்டு, அதுதான் காலை, அதுதான் ராத்திரி. எங்கள் வீட்டிலும் அதுதான். அந்த நாளில் ஒரு பன்றிக்கூட்டம் இறங்கினால் எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிழக்கு வெளுக்கிறதற்கு முன்னால் எழுந்து, அட்டைக்கடியோடு சரிவில் போய் உட்காருவேன். விழுந்த பன்றியை லயத்து ஆட்கள் வீட்டுக்கு வீடு பங்கு வைத்துக்கொள்வார்கள். நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மண்டிக்காரர் குடும்பம் பத்மநாபசாமி தரிசனத்துக்கு வந்தவர்கள், மைத்துனர் ஏற்பாட்டில் பெண் பார்க்க மலையேறினார்கள். விதுரா வரை பஸ், அப்புறம் தோட்டத்து மாட்டுவண்டி. கூடத்துக்குள் கால் வைத்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் பார்த்தது பெண்ணை அல்ல, சுவரை.

"அண்ணாச்சி, இது என்னது?"

"துப்பாக்கி."

"அது தெரியுது. நம்ம வீட்டுல எதுக்குன்னு கேக்கேன்."

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "ஒருதடவ தொட்டுப் பாக்கலாமா மாமா?" என்றான். அவனுடைய அப்பா ஒரு இருமல் இருமினார். பையன் நீட்டின கை மடிக்குத் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை. எது கேட்டாலும் அப்பா முகத்தைப் பார்த்தான்.

காந்திமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"மாமா, உங்க மண்டியில எலி வராதா?"

அவர் சிரித்தார். "வராம இருக்குமாம்மா? பூன வளக்கோம்."

"எங்க லயத்துப் பன்னிக்குப் பூன கெடைக்கல மாமா. அதான் அப்பா போறாக."

செண்பகம் உள்ளேயிருந்து "ஏட்டி" என்று பல்லைக் கடித்தாள். மண்டிக்காரர் கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பெண் சூட்டிகை என்றுகூடச் சொன்னார். போகும்போது வண்டியடியில் வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நிபந்தனையைச் சொன்னார். "தப்பா நெனைக்கக்கூடாது. நாலு பேரு நாலு சொல்லுவான். அச்சுல வந்துட்டா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

நான் முடியாது என்று அங்கேயே சொல்லியிருப்பேன். செண்பகம் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று அவளே சொல்லி அனுப்பிவைத்தாள்.

5

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம். பெண்ணுக்கு இருபது வயசு தாண்டிவிட்டது. எங்கள் தமிழில் பாதி மலையாளம் என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. எங்கள் மகனோ திருவனந்தபுரத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான், எனக்குக் கடுதாசியையே மலையாளத்தில் எழுதுகிறான். இவளையாவது ஊர்ப்பக்கம் கொடுத்தால் நம்முடைய வேர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது செண்பகத்தின் ஆசை. என் ஆசையும் அதுதான், பொய் சொல்வானேன்.

"நீங்க சொல்லுதது எல்லாம் ஞாயந்தான்," என்றாள். "ஆனா வீம்பு அப்பனுக்கு, வெல மகளுக்கு. அத மட்டும் யோசிங்க."

துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் செண்பகம் இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த நாலு வரியை எழுதியும் வைத்தேன். எல்லாம் மகளுக்காக.

அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை. வழக்கமாகப் பன்றி இறங்கினால் பேச்சியம்மாள்தான் வந்து ஜன்னலைத் தட்டுவாள். எங்கள் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவள், புருஷன் இல்லை, சரிவில் அவளுக்கும் ஒரு துண்டு மரச்சீனி. விடிகிற நேரத்தில் லயத்துப் பக்கம் தகரம் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாட்டைப் பார்க்க வந்த பேச்சியம்மாளிடம் என்ன என்று கேட்டேன்.

"கோயில் கொட வருதுல்லா ஐயா. பயலுவ மேளம் பழகுதானுவ."

நம்பினேன். கொடைத் திருவிழா என்றால் நம் பக்கத்து ஆட்கள் ஒரு மாசம் முந்தியே ஆரம்பித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பன்றிக்கும் வேறு காடு கிடைத்திருக்கும், தெய்வமே நமக்கு வழி விடுகிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

லயத்தில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று காந்திமதி கருப்பட்டி கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்துபோயிருந்தது.

"அப்பா, கொடையும் இல்ல, மேளமும் இல்ல. சரிவுல போய்ப் பாருங்க. பாதிக்கு மேல குழியாக் கெடக்கு. பப்பாளித் தண்ட வேகவச்சுப் பிள்ளைகளுக்குக் குடுக்காவ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பேச்சியம்மாட்ட கேட்டேன். பாப்பா கல்யாணம் முடியுத வரைக்கும் ஐயா கை சுத்தமா இருக்கட்டும்னு லயத்துல எல்லாருமாப் பேசி வச்சிருக்காவளாம். ஐயாட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை எழுத எனக்கு வெட்கமில்லை. என் சொந்தத்தில் எனக்காக ஒரு வேளைச் சோற்றை விட்டுக்கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை.

"மதி அப்பா," என்றாள் காந்திமதி. அவளுக்கு ஆத்திரம் வந்தால் மலையாளம் முந்திக்கொள்ளும், போதும் என்று சொல்கிறாள். "அவங்க பிள்ளைகள் வயிறு காஞ்சு எனக்கு ஒரு தாலி வேண்டாம். கட்டினா அது கழுத்துல இருந்து உறுத்திக்கிட்டே இருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு செண்பகம் அடுக்களை வாசலில் நின்றாள். எனக்குப் பயம், இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

6

மறுநாள் விடிவதற்கு முன்னால் சரிவில் இருந்தேன். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, கிழங்கை நறநறவென்று கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் வெளிச்சம் கண்ட பிறகுதான் சுட முடிந்தது. பெரிய கிடாப்பன்றி விழுந்தது, மற்றவை சோலைக்குள் ஓடிவிட்டன.

வெடிச்சத்தம் கேட்டு லயமே எழுந்து வந்தது. எல்லோரும் கிட்டே வராமல் நின்றார்கள். பேச்சியம்மாள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயாவ யாரு வரச் சொன்னா? நாங்க வந்து கூப்பிட்டமா? தகரம் அடிச்சு வெரட்டிக்கிட்டுத்தான இருந்தோம்? இப்ப பாப்பாவுக்கு எந்த மாப்பிள்ள வருவான்? சொல்லும்."

பதினெட்டு வருஷத்தில் அவள் 'சொல்லுங்க' என்பதை விட்டு என்னைச் 'சொல்லும்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாங்கிக்கொண்டு நின்றேன். திட்டித் தீர்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பங்கு வைக்கக் கத்தி கொண்டுவரச் சொன்னாள். கத்தி வருகிற வரைக்கும் திட்டு நிற்கவில்லை. நான் ஓடைக்குப் போய்த் தலைமுழுகினேன்.

அடுத்த வாரம் தோட்டத்து வேலையாகத் திருவனந்தபுரம் இறங்கினபோது, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் போட்டுவிட்டு, நேரே தபாலாபீசுக்குப் போனேன். மண்டிக்காரருக்குத் தந்தி கொடுத்தேன். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு ஒத்துவராது என்று. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக டவுனில் பேச்சு உலாவுகிறதாம். அது தப்பு. வேண்டாம் என்று சொன்னது பெண் வீடு. திருத்திக்கொள்ளுங்கள்.

மண்டிக்காரர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குப் பூனை இருக்கிறது, எனக்கு இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஜீவகாருண்யம் பேசுகிற மற்றப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தின்னுகிற ஒவ்வொரு பிடிச் சோற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு எலியோ பன்றியோ கிளியோ செத்திருக்கிறது. கொன்ற ஆளை உங்களுக்குத் தெரியாது, அதனால் உங்கள் கை சுத்தம். என் கை சுத்தமில்லை. அதைக் கழுவிக்கொள்ள எனக்கு ஓடை இருக்கிறது. உங்கள் பத்திரிகை தேவையில்லை.

செண்பகம் இதைப் படிக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று எழுதச் சொல்லுகிறாள். நியாயமான விஷயம், எழுதுகிறேன். எங்கள் மகள் காந்திமதிக்கு வரன் பார்க்கிறோம். நல்ல நிறம், நல்ல குணம், வாய் கொஞ்சம் நீளம். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள், மாற்ற முடியாது. பார்க்க வருகிறவர்கள் விதுராவில் இறங்கித் தகவல் அனுப்பினால் வண்டி வரும். கூடத்தில் துப்பாக்கி மாட்டியிருக்கும், இறக்கிவைக்க மாட்டோம். சொத்து, நகை, படிப்பு எதையும் நாங்கள் கேட்கப்போவதில்லை. பெண் ஒரு கேள்வி கேட்டால், பக்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் பதில் சொல்லுகிற மாப்பிள்ளையாக இருந்தால் போதும்.